காண்டீரவாவில் நான்கு ஃபாரினர்: பின்னாலா, முன்னாலா?

மெரினா ஸ்டாப்பர்:
பெங்களூருவோடு வெளியூர் ஆட்டம் என்றாலே நம் ஆட்கள் "அட்டாக் போடு, அட்டாக் போடு" என்று கிளம்பிவிடுகிறார்கள். என் கட்சி வேறு. ஐ.எஸ்.எல். 2021-22 சீசனில் கொண்டுவந்த விதிப்படி இந்தக் கால்பந்து லீக்கில் ஒரு அணிக்குக் களத்தில் ஒரு நேரத்தில் நான்கு ஃபாரினர்தான், அதாவது வெளிநாட்டு வீரர்கள்தான், நிற்க முடியும். நம் சென்னையின் எஃப்.சி. பெங்களூருவின் காண்டீரவா மைதானத்துக்குப் போகும்போது அந்த நான்கில் இரண்டு பேர் பின்வரிசை நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர், ஒருவர் அவர்களுக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்கிற டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர். கோல் போட மிச்சம் ஒரே ஒருவர். அது போதும். இதை விட்டுவிட்டு முன்னால் மூன்று பேரை இறக்குவது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை.

2018 மார்ச் 17, இதே மைதானத்தில் பெங்களூருவோடு ஐ.எஸ்.எல். ஃபைனல். அப்போது ஐந்து ஃபாரினர் ஆடலாம். நம் கோச் ஜான் கிரிகரி அந்த ஐந்தில் மூன்று பேரை, கால்டெரோன், மைல்சன் ஆல்வ்ஸ், செரேனோ என்று, பின்வரிசையில் நிறுத்தினார். முன்னால் ஒற்றை ஃபார்வர்டாக ஜெஜே. லீக்கில் 40 புள்ளி எடுத்து, இரண்டாம் இடத்தில் இருந்த நம்மைவிட எட்டுப் புள்ளி மேலே நின்ற அணியை அவர்கள் வீட்டிலேயே 3-2 என்று கவிழ்த்தோம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கார்னர் கொடி:
அண்ணே, அந்த 3-2ல் நாம் வாங்கிய இரண்டை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறீர்களே! ஒன்பதாவது நிமிடம்: பெங்களூருவின் உதாந்தா வலது ஓரத்தில் ஓடி கிராஸ் போட, சேத்ரி பாய்ந்து தலையால் உள்ளே தள்ளினார். கடைசியில் மிக்கு அடித்ததும் தலைதான். மூன்று ஃபாரினர் பின்னால் நின்றும் இதுதான் கதை. நாம் ஜெயித்தது மூன்று கோல் போட்டதால், டிஃபென்ஸால் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஜெஜே. ஃபாரின் ஃபார்வர்டை பெஞ்சில் உட்காரவைக்கிற தரத்தில் ஒரு இந்திய ஃபார்வர்ட் கிரிகரியிடம் இருந்தார். அந்த சீசனில் ஒன்பது கோல், அதில் இரண்டு செமிஃபைனலில் கோவாவுக்கு எதிராக. அப்படிப்பட்ட ஆளை இன்று எங்கே போய்த் தேடுவது? 2024-25 சீசனில் இந்தியர்களிலேயே அதிக கோல் போட்டது நாற்பது வயது சேத்ரி, 14 கோல். அவரும் எதிரணி! நம்மிடம் ஜெஜே இல்லாதபோது ஜெஜே இருந்த காலத்து லெவனை மட்டும் எடுத்துவந்து என்ன செய்ய?

மெரினா ஸ்டாப்பர்:
தம்பி, நீயே வசமாக வந்து மாட்டினாய். அந்த மூன்று கோலில் இரண்டைப் போட்டது யார்? மைல்சன் ஆல்வ்ஸ். ஸ்டாப்பர். இரண்டுமே கிரெகரி நெல்சன் எடுத்த கார்னர், இரண்டுமே ஆல்வ்ஸின் தலை. பதினேழாவது நிமிடம் ஒன்று, இடைவேளைக்குச் சற்று முன் இன்னொன்று. மூன்றாவதுதான் ரஃபேல் அகஸ்டோ பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தது.

இதைத்தான் சொல்கிறேன். வெளியூரில் பந்து நம் காலில் அதிகம் இருக்காது. கிடைக்கிற நாலைந்து கார்னர், ஓரத்தில் கிடைக்கிற ஃப்ரீ கிக், இவைதான் நம் அட்டாக். அதற்கு உயரமான, குதித்து முட்டுகிற ஸ்டாப்பர்தான் தேவை. ஒரு நல்ல ஃபாரின் ஸ்டாப்பர் இரண்டு வேலைக்கு ஒரே சம்பளம் வாங்குகிற ஆள். மூன்றாவது ஃபார்வர்டோ பந்துக்காகக் காத்துக்கொண்டு நடுக்கோட்டில் நிற்பார்.

வியாசை வாசகன்:
ரெண்டு பேரும் ஃபாரினர் கணக்கே போட்டுக்கொண்டிருங்கள். ஃபைனலை விடுங்கள், லீக் ஆட்டத்துக்கு வாருங்கள். 2017 டிசம்பர், காண்டீரவா. ஐந்தாவது நிமிடத்திலேயே ஜெஜே ஒன்று போட்டுவிட்டார். அதற்கப்புறம் எண்பது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்தோம். 85ல் சேத்ரி சமன் செய்தார். அந்த இடத்தில் எந்த வெளியூர் அணியும் "ஒரு புள்ளி கிடைத்தால் போதும்டா சாமி" என்றுதான் நினைக்கும். 88ல் தனபால் கணேஷ் போட்டார், 2-1. அதே கணேஷ் ஃபைனலிலும் பிக்ரம்ஜித்தோடு நடுவில் ஆடினார். செமிஃபைனலிலும் கோவாவுக்கு ஒரு கோல் போட்டார்.

கணேஷ் ஆடியது ஸ்டாப்பர் அண்ணன் ஃபாரினருக்குக் கொடுக்கச் சொல்கிற அதே டிஃபென்சிவ் மிட்ஃபீல்ட் இடம். வியாசர்பாடிப் பையன் அந்த வேலையைச் செய்து கோப்பை வந்திருக்கிறது. அப்புறம் எதற்கு அங்கே ஒரு ஃபாரினர் ஸ்லாட்டை வீணாக்க வேண்டும்?

மெரினா ஸ்டாப்பர்:
வியாசை, கணேஷ் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அவர் ஊர்க்காரர் என்பதற்காக கிரிகரி இறக்கவில்லை. சுற்றி ஐந்து ஃபாரினர் இருந்தார்கள், அதனால் அந்த இடத்தை ஒரு இந்தியரிடம் கொடுக்க முடிந்தது. இப்போது நான்குதான். ஒரு ஆள் குறைந்தால் எல்லாக் கணக்கும் மாறும்.

வியாசை வாசகன்:
மாறட்டும். நான்கு ஆனதால்தானே இந்தியர்களுக்கு இடம் கூட வேண்டும்! 2014ல் ஆறு ஃபாரினர், 2017-18ல் ஐந்து, அப்புறம் நான்கு என்று விதியைக் குறைத்ததே அதற்குத்தான். 2015 ஃபைனலில் நம் கீப்பர்கூட ஃபாரினர், அப்பூலா எடல். இன்று யாராவது கீப்பருக்கு ஒரு ஸ்லாட் கொடுப்பார்களா? அங்கே இந்தியரை நம்பப் பழகினோம், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. நடுவிலும் பழகலாம்.

ஓசூர் தாண்டியவன்:
எதிரணிக்காரன் நுழையலாமா? பிழைப்புக்குப் பெங்களூரு வந்து பி.எஃப்.சி. (பெங்களூரு எஃப்.சி.) பக்கம் சாய்ந்த தமிழன். திட்டுவதென்றால் பிறகு திட்டுங்கள்.

உங்களில் யாருமே வானிலையைப் பேசவில்லை. சென்னையில் சாயங்கால ஆட்டம் என்றால் இருபதாவது நிமிடத்திலேயே ஜெர்சி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். யாரும் முழு ஆட்டமும் பிரஸ் பண்ண, அதாவது பந்து வைத்திருப்பவரை விரட்டி நெருக்க, முடியாது, இரண்டு அணியும் மூச்சு வாங்கிக்கொண்டே ஆடும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ராத்திரி குளிர்ச்சியாக இருக்கும், வேகமாக ஆடுகிற அணி கடைசி வரை வேகமாகவே ஆடலாம். நீங்கள் பின்னால் இரண்டு கனமான ஸ்டாப்பரை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். அலை அலையாக வந்துகொண்டே இருப்போம்.

இன்னொன்று. 2023 மார்ச் 3, கேரளா இங்கே ஆடிய பிளே ஆஃப் யாருக்கும் மறந்திருக்காது. எக்ஸ்ட்ரா டைமில் ஃப்ரீ கிக். கேரளா ஆட்கள் சுவர் கட்டி, கீப்பர் இடம் பிடித்து நிற்பதற்குள் சேத்ரி தட்டி உள்ளே போட்டுவிட்டார். ரெஃபரி கோல் கொடுத்தார், கேரளா அணி களத்தை விட்டே வெளியேறியது, பிறகு நான்கு கோடி ரூபாய் அபராதம். நியாயம் அநியாயம் வேறு பேச்சு. பந்துக்கு முன்னால் ஒரு ஆள் போய் நின்றிருந்தால் அந்தக் கோலே இல்லை. உங்கள் பின்வரிசையில் வாயைத் திறந்து கத்துகிற ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அவர் எந்த பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்பது இரண்டாம் பட்சம்.

கார்னர் கொடி:
எதிரிக்கு இருக்கிற தெளிவு நம் அண்ணனுக்கு இல்லையே! அலை அலையாக வருவோம் என்று அவரே சொல்கிறார். வருகிறவர்களை நிறுத்த ஒரே வழி, பின்னால் திரும்பிப் பார்க்கிற பயத்தை அவர்களுக்குக் கொடுப்பது.

2019-20 பாருங்கள். டிசம்பரில் ஓவன் கோய்ல் கோச்சாகப் பொறுப்பெடுத்தபோது நாம் கீழே கிடந்தோம். அவர் என்ன, பின்னால் பூட்டா போட்டார்? வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி என்று ஐந்தில் மூன்று ஸ்லாட்டை முன்னால் கொடுத்தார். வால்ஸ்கிஸ் 15 கோல். நான்காம் இடம் பிடித்து உள்ளே போனோம். செமிஃபைனலில் சென்னையில் கோவாவை 4-1, அங்கே போய் 2-4. மொத்தத்தில் 6-5. வெளியூரில் நான்கு கோல் வாங்கியும் ஃபைனல் போயிருக்கிறோம் என்றால் அதற்குக் காரணம் அங்கே நாம் போட்ட அந்த இரண்டு.

மெரினா ஸ்டாப்பர்:
ஃபைனல் போய்? கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3. அதைச் சொல்ல வாய் வரவில்லையா தம்பி? கொரோனாவால் கோவாவின் ஃபடோர்டாவில் ஆளே இல்லாத மைதானம், எதிரணிக் கூச்சல்கூடக் கிடையாது. அப்போதும் மூன்று வாங்கினோம். வெளியூரில் நான்கு வாங்கிவிட்டு "ஆனாலும் ஜெயித்தோம்" என்று பெருமை பேசுவது இரண்டு லெக் ஆட்டத்தில் நடக்கும். லீக்கில் 2-4 என்றால் பூஜ்யம் புள்ளி. ஊர் திரும்ப வேண்டியதுதான். 2024-25ல் பதினோராம் இடத்தில் முடித்தோமே, அது கோல் போட ஆள் இல்லாமலா? முன்னே போய்விட்டுப் பிடித்துவைக்கத் தெரியாமல்.

கார்னர் கொடி:
பிடித்துவைக்க முதலில் முன்னே போக வேண்டும் அல்லவா.

பெஞ்ச் பார்வை:
இவ்வளவு நேரம் படித்தேன். இருவரும் நான்கு ஸ்லாட்டையும் முதல் நிமிடத்திலேயே செலவழிக்கிறீர்கள். எதற்கு?

விதியைக் கவனியுங்கள். ஒரு நேரத்தில் களத்தில் நான்கு பேர். நான்கு ஃபாரினரோடு தொடங்கினால், பெஞ்சில் இருக்கிற ஐந்தாவது ஃபாரினரை இறக்க ஒரு ஃபாரினரைத்தான் வெளியே எடுக்க வேண்டும். 0-1 என்று பின்தங்கி நிற்கும்போது ஃபார்வர்டை இறக்க ஸ்டாப்பரை எடுப்பீர்களா? எடுத்தால் பின்னால் ஓட்டை. எடுக்காவிட்டால் உள்ளே ஆடுகிற ஃபார்வர்டையே மாற்ற வேண்டும், அதில் எண்ணிக்கை கூடவே கூடாது. நம் கோச்சுகள் எத்தனை தடவை இதில் சிக்கிக்கொண்டு டச்லைனில் கையைப் பிசைந்திருக்கிறார்கள்!

மூன்றோடு தொடங்குங்கள். இரண்டு ஸ்டாப்பர், அட்டாக்குக்குப் பந்தைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு நடுக்களப் பிளேமேக்கர். முன்னால் வேகமான இரண்டு இந்தியப் பையன்கள். கோல் போடுவது அவர்கள் முதல் வேலை இல்லை. எதிரணி பேக்குகளை (பின்வரிசை ஆட்களை) ஓடவைத்துக் களைக்கவைக்க வேண்டும். அறுபதாவது நிமிடத்தில் புதுக் காலோடு ஃபாரின் ஃபார்வர்ட். யாரையும் இழக்கத் தேவையில்லை, ஓடிக் களைத்த ஒரு பையனை வெளியே எடுத்தால் போதும். கிரிகரி காலத்தில் மூன்று சப்ஸ்டிட்யூட்தான். இப்போது ஐந்து. ஆனால் இடைவேளையை விட்டால் மூன்று தடவைதான் ஆட்டத்தை நிறுத்தி மாற்றலாம், அதனால் இரண்டிரண்டாக இறக்க வேண்டும். ஓசூர் நண்பர் சொன்ன குளிர்ச்சியும் வேகமும் அப்போது நமக்கும் உதவும்.

கார்னர் கொடி:
அறுபது நிமிடம் பத்து ஆளோடு ஆடுவது மாதிரி இருக்கிறது நீங்கள் சொல்வது. இருபதாவது நிமிடத்தில் இரண்டு கோல் விழுந்துவிட்டால் உங்கள் புதுக் கால் எதற்கு?

பெஞ்ச் பார்வை:
பாஸ், இந்தியர் ஆடினால் பத்து ஆள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இந்த மனநிலையால்தான் எல்லா அணியும் ஒன்பதாம் நம்பரை, அதாவது நடு ஃபார்வர்ட் இடத்தை, ஃபாரினருக்கே கொடுக்கிறது. இந்தியப் பையன் ஒன்று ஓரத்தில் விங்கராக ஆட வேண்டும், இல்லை பெஞ்ச். பிறகு தேசிய அணிக்கு ஃபார்வர்ட் இல்லை என்று ஒப்பாரி. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று! இர்ஃபான் யாட்வாட் மாதிரி பையன்களுக்கு நடுவில் தொடர்ந்து ஆட்டம் கொடுத்தால்தானே அடுத்த ஜெஜே வருவார். வெளியூர் ஆட்டம் அதற்கு நல்ல இடம். எதிரணி முன்னேறி ஆடும், பின்னால் ஓடுவதற்கு இடம் கிடைக்கும்.

வியாசை வாசகன்:
இதற்கு என் ஓட்டு. ஆனால் பிளேமேக்கருக்குப் பக்கத்தில் நம்மூர் மிட்ஃபீல்டர் ஒருவர், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மெரினா ஸ்டாப்பர்:
பெஞ்ச், இரண்டு ஸ்டாப்பர் என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள், அதுவரைக்கும் சரி. டிஃபென்சிவ் மிட்ஃபீல்டில்தான் எனக்குச் சமாதானம் இல்லை. பிளேமேக்கர் பந்தை இழந்தால் பின்னால் ஓடி வரமாட்டார். வந்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பந்து போன மூன்று நொடியில் பெங்களூரு விங்கர் நம் பேக்குக்குப் பின்னால் இருப்பார்.

இன்னொரு சங்கதி சொல்லட்டுமா? நம் இரண்டு கோப்பையும் எதிரணி வீட்டில் வாங்கியது. 2015ல் கோவாவை ஃபடோர்டாவில், 2018ல் பெங்களூருவைக் காண்டீரவாவில். அந்த 2015 செமிஃபைனலில் நம் "ஹோம்" ஆட்டமே சென்னை வெள்ளத்தால் புனேக்குப் போனது, அங்கேயும் ஏ.டி.கே.யை 3-0. இந்த அணிக்கு வெளியூர் பயம் என்று ஒன்று கிடையாது. கட்டுக்கோப்பாக ஆடினால் வரும்.

கார்னர் கொடி:
2015ல் ஃபடோர்டாவில் தொண்ணூறாவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்தோம் அண்ணே. அப்புறம் கோவா கீப்பர் தன் வலைக்குள்ளேயே விட்ட ஓன் கோல், மெண்டோசாவின் கோல், 3-2. அதைக் கட்டுக்கோப்பு என்று சொன்னால் மெண்டோசாவே சிரிப்பார். கடைசி நிமிடத்தில் ஓடி வந்து போட முன்னால் ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

ஓசூர் தாண்டியவன்:
நீங்கள் மூன்றோ நான்கோ கொண்டுவாருங்கள். ஒரு சந்தேகம்: அந்தக் கார்னரை யார் எடுப்பார்? நெல்சன் ஃபாரினர். நான்கில் இரண்டு ஸ்டாப்பர், ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், ஒரு ஃபார்வர்ட் என்றால் ஆல்வ்ஸ் இருக்கிறார், பந்தைத் தூக்கிப் போட ஆள் இல்லையே.

மெரினா ஸ்டாப்பர்:
எடுக்க இந்தியர் இருக்கிறார்கள். காலை மடக்கி முதல் போஸ்ட்டுக்கு வளைத்துப் போட ஃபாரின் பாஸ்போர்ட் வேண்டாம், தினமும் பயிற்சிக்கு அப்புறம் நின்று ஐம்பது கார்னர் அடித்தால் போதும்.

கார்னர் கொடி:
ஆக, கார்னர் அடிக்க இந்தியரை நம்புவீர்கள், பெட்டிக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்க நம்பமாட்டீர்கள். வியாசை, கேட்டுக்கொண்டாயா?

வியாசை வாசகன்:
கேட்டேன், கேட்டேன். அண்ணன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.