அப்பாவின் அம்பாசடருக்கு வேறு இன்ஜின்: நம்ம வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

எங்கள் வீட்டு வண்டி மார்க் 4 அம்பாசடர். 1986இல் அப்பா வாங்கியது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். போன சித்திரையில் எல்லோரும் ஏலகிரிக்குப் போனோம். பதினான்கு வளைவில் ஒன்பதாவதிலேயே ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. இறங்கும்போது பின்னால் நீலப் புகை. "இன்ஜினையே மாத்திடலாம்பா" என்று அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன்.

தொரப்பாடியில் எங்களுக்குப் பல வருடமாக வேலை பார்க்கும் மெக்கானிக் பாய் அவசரப்படவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டரில் முள் பாதி தூரம்கூட ஏறவில்லை. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி செல்ஃப் அடித்தார். முள் விறுவிறுவென்று ஏறியது. ஆயில் விட்டு ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்; ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். இன்ஜின் மாற்ற நினைக்கும் எல்லோரும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். ஹெட் (வால்வு இருக்கும் இன்ஜினின் மேல்பாகம்) வேலையோடு முடிய வேண்டியதற்கு முழு இன்ஜின் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எங்கள் பிளாக்கை ஏற்கெனவே இரண்டு முறை போர் பண்ணியாகிவிட்டது, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியாகிவிட்டது. அதனால்தான் மாற்றலாம் என்ற முடிவுக்கே வந்தோம்.

அப்புறம் எந்த இன்ஜின்? பழைய வேன் டீசல் இன்ஜின் ஒன்று 25,000 ரூபாய்க்கு வந்தது. எனக்கு அதிலேயே ஆசை. பாய் ஒவ்வொன்றாகச் சொன்னார்: மவுண்டிங் புதிதாக வெல்டிங் பண்ண வேண்டும், இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் பொருந்தாது, கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை வெட்டி ஒட்டி பேலன்ஸ் பார்க்க வேண்டும், எடை கூடுவதால் முன்பக்கம் அமுங்கிவிடும். "தம்பி, இன்ஜின் எங்க வேணா கிடைக்கும். கியர் பாக்ஸோட சேத்து எடு. இல்லன்னா உன் காசு லேத்துலயே போயிடும்" என்றார். செலவைப் பற்றி நான் கேட்டதில் இதுதான் உருப்படியான பேச்சு.

1990களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இதே அம்பாசடரில் இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து கியர் பாக்ஸையும் வைத்து விற்றது. 75 குதிரைத்திறன். பழையது ஏறக்குறைய 50தான். உடைக்கப்போன அப்படி ஒரு வண்டியிலிருந்து இன்ஜின், கியர் பாக்ஸ், மவுண்டிங், ரேடியேட்டர், ஷாஃப்ட் எல்லாம் ஒரே செட்டாக 60,000 ரூபாய்க்கு எடுத்தோம். முன் டிஸ்க் பிரேக்கும் அதே வண்டியிலிருந்துதான். வேகத்தைக் கூட்டிவிட்டுப் பழைய டிரம் பிரேக்கோடு குடும்பத்தை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

பேப்பர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றித்தான் பேசுகிறது. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் சொல்லியிருக்கிறது. ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ ஆபிஸில் எழுதிக் கொடுத்துக் கேட்டுவிட்டோம். இன்ஜின் நம்பர் போட்ட பில், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி ரத்தான நகல் இரண்டும் கையில் இல்லாமல் இன்ஜினைத் தொடாதீர்கள். எனக்கு முதலில் இன்ஜின் காட்டியவரிடம் பில்லே இல்லை. விலை குறைவுதான், இருந்தும் விட்டுவிட்டேன். ஆர்.சியில் புது நம்பர் ஏறியதும் இன்சூரன்ஸிலும் மாற்றினேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் வீட்டில் சண்டை. பழைய வண்டியில் கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். முன்னால் ஒரே நீள சீட். அதில் நடுவில் உட்கார்ந்து வருவது அம்மா. புது கியர் பாக்ஸுக்குத் தரையை வெட்டி லீவரை மேலே கொண்டுவர வேண்டும். அது சரியாக அம்மாவின் முழங்கால் இருக்கும் இடம். பாய் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு கட்டரை எடுத்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மூன்று நாள் வண்டி அப்படியே நின்றது. கடைசியில் அம்மாவே பட்டறைக்கு வந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். "எனக்கு ஜன்னல் ஓரம் போதும், வெட்டச் சொல்லுங்க" என்றார்.

ராணிப்பேட்டையிலிருந்து:

எங்களுடையது பிரீமியர் பத்மினி. 1089 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு அதே பிரீமியர் கம்பெனியின் 118 என்.ஈ காரில் வந்த நிசான் இன்ஜினை அதன் கியர் பாக்ஸோடு வைத்தோம். 1171 சிசிதான், ஆனால் வண்டியின் குணமே மாறிவிட்டது. செட்டாக எடுங்கள் என்று பாய் சொன்னதை நானும் சொல்வேன். நான் முதலில் இன்ஜினை மட்டும் வாங்கிவிட்டு கியர் பாக்ஸுக்காக ஐந்து மாதம் சென்னைப் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளுக்கு அலைந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிய நினைப்பவர்கள் இன்ஜினை மாற்றிவிடாதீர்கள். 2021இல் வந்த விதிப்படி சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டியை அதில் சேர்க்க முடியாது. என் மாமாவின் 1968 ஃபியட்டை அதற்காகவே பழைய இன்ஜினோடு ரீபோர் பண்ணி வைத்திருக்கிறோம்.

ஆம்பூரிலிருந்து:

பழைய இன்ஜினையே வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000க்கு அப்புறம் பெட்ரோலில் ஈயம் கிடையாது. அந்தக் காலத்து எக்ஸாஸ்ட் வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் விளிம்பு) ஈயம் இல்லாமல் தேயும். ஹெட்டைக் கழற்றும்போதே கடின சீட் அடித்துவிடுங்கள். இப்போது வரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் ஊறிப்போகும். எனக்கு பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் பெட்ரோல் வாடை வந்தது. பானெட்டைத் திறந்தால் ஹோஸ் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது, கீழேயே சூடான சைலன்சர் பைப். புது ஹோஸ் 300 ரூபாய்கூட ஆகவில்லை.

சத்துவாச்சாரி, உங்கள் வண்டி இப்போது ஏலகிரி ஏறுகிறதா?

சத்துவாச்சாரியிலிருந்து:

ஏறியது. ஆடி மாதம் போனோம். மேலே போகும்வரை டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. ஒன்பதாவது வளைவில் அப்பா வேண்டுமென்றே வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தார்.