அரசுப் பள்ளிகளில் உடற்கல்வியைக் கட்டாயமாக்கினால் மட்டும் போதுமா?

கேள்வி:
அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி கட்டாயப் பாடமாக வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால், தேர்வு நெருங்கியதும் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ அந்த வகுப்பை வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்ட நிலையில், விதியை மட்டும் கொண்டுவந்தால் பயன் கிடைக்குமா?

மறுமொழி 1:
5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்கும் செயல்பாடு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பணம் கட்டித் தனிப்பயிற்சிக்கு அனுப்ப இயலாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு திடல் ஏது?

மறுமொழி 2:
கட்டாயம் சரிதான், எதைக் கட்டாயமாக்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் கடைசியாக மூச்சு வாங்க வந்து சேரும் பிள்ளையை வகுப்பே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, விசில் ஊதி, நேரத்தைக் குறித்து, உடனே மதிப்பெண் போடும் முறை அந்தப் பிள்ளைக்கு உடற்பயிற்சியின் மீதே வெறுப்பை ஏற்படுத்திவிடும். சென்ற பருவத்தைவிட இப்பருவத்தில் அவர் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்று மதிப்பிடுவதே நியாயம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு விலக்கு அளிப்பதாகச் சொல்லி ஓரமாக உட்கார வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உடற்கல்வி அனைவருக்கும் அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோவின் சாசனம் 1978இலேயே கூறிவிட்டது.

மறுமொழி 3:
பயிற்சி பெற்ற ஆசிரியரும், குடிநீரும், மாணவியர் உடை மாற்ற ஓர் அறையும் இல்லாத இடத்தில் விதி ஏட்டளவில்தான் இருக்கும். வேறு பாடத்துக்குக் கொடுத்த உடற்கல்வி வகுப்பை அதே வாரத்தில் ஈடுசெய்தாக வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட்டால், வகுப்பைக் கேட்டு வாங்கும் ஆசிரியர்களும் சற்று யோசிப்பார்கள்.