மறு: ‘ரெப்ரசன்டேஷன்’: பிரதிநிதித்துவம் என்ற ஒரு சொல் போதாது

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். திரைப்படங்களைப் பற்றிப் பேசும்போது வரும் ‘ரெப்ரசன்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைக்கலாம் என்ற நம் பேச்சுக்கு இது என் பதில். குழுவில் வந்த கருத்துகளை மேற்கோளாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> பிரதிநிதித்துவம் என்றே வைத்துக்கொள்ளலாம். பத்திரிகைகளில் பழகிய சொல்தானே.

பழகிய சொல்தான். ஆனால் அது பழகிய இடம் தேர்தல். நமக்காக ஒருவர் போய்ப் பேசுவது பிரதிநிதித்துவம். படத்தைப் பற்றி நாம் கேட்பது வேறு: இந்தக் கதைக்குள் யாருக்கெல்லாம் இடம் கிடைத்தது? கிடைத்தவர் வாய் திறந்தாரா? இரண்டும் தனித்தனிக் கேள்விகள். அதனால் இரண்டு சொற்கள் வேண்டும் என்கிறேன்: இடப்பேறு, குரல்பேறு.

போன ஞாயிறு காரைக்குடியில் எங்கள் வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து ‘12 ஆங்கிரி மென்’ என்ற அமெரிக்கப் படம் பார்த்தோம். 1957இல் சிட்னி லூமெட் இயக்கியது. அப்பாவைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பையனின் உயிர், ஓர் அறைக்குள் பூட்டப்பட்ட பன்னிரண்டு ஜூரிகளின் கையில் (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள்). பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். பையனின் முகத்தைத் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு இடப்பேறு உண்டு, குரல்பேறு இல்லை. எதிர்ப்பக்கத்து வீட்டிலிருந்து, நடுவே ஓடிய ரயில் பெட்டிகளின் ஜன்னல் வழியே கொலையைக் கண்டதாகச் சாட்சி சொன்ன பெண்ணுக்கோ இரண்டுமே இல்லை. அவள் மூக்கில் இருந்த மூக்குக்கண்ணாடித் தழும்பை வைத்துத்தான், படுக்கையிலிருந்தவள் கண்ணாடி இல்லாமல் சரியாகப் பார்த்திருப்பாளா என்று வழக்கே திரும்புகிறது. அந்த மூக்கை நாம் ஒரு தடவையாவது பார்த்தோமா?

> அந்தக் காலம் அப்படி. இன்றைய அளவுகோலை வைக்கலாமா?

கதை நடக்கும் நியூயார்க்கில் 1937லேயே பெண்கள் ஜூரியாக அமரச் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. காலத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. படம் எனக்கு மிகவும் பிடிக்கும், அது வேறு. பிடித்ததால்தான் கேட்கிறேன்.

ஏன் முக்கியம் என்பதற்கு விடையும் அதே படத்தில் இருக்கிறது. குடிசைப் பகுதியில் வளர்ந்த ஜூரி ஒருவர் எழுந்து, பட்டன் கத்தியைக் கீழிருந்து மேலாகத்தான் குத்துவார்கள் என்று பிடித்துக் காட்டுகிறார். மேலிருந்து இறங்கிய காயத்தின் மேல் இருந்த சந்தேகம் அப்போதுதான் வலுக்கிறது. அவர் அந்த மேசையில் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு அது தெரிந்தே இருக்காது.

> எத்தனை பேர் என்று எண்ணினாலே போதாதா?

எங்கள் பக்கத்தில் புள்ளிக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான குடும்பம் ஒரு புள்ளி. என் அப்பத்தாவும் அந்தப் புள்ளிக்குள் அடக்கம்தான். ஆனால் முகப்பில் பெரியவர்கள் கூடிப் பேசும்போது அவர் வளவு (வீட்டின் உள்கட்டு) நிலைக்கதவுக்குப் பின்னால் நிற்பார். என்னைக் கூப்பிட்டுக் காதில் ஒரு யோசனை சொல்வார். நான் ஓடிப்போய் ஐயாவிடம், அதாவது தாத்தாவிடம், சொல்வேன். ஐயா தொண்டையைக் கனைத்துவிட்டு அதைச் சபையில் வைப்பார். ‘ஐயா சொன்னால் சரியாத்தான் இருக்கும்’ என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அப்பத்தாவின் சேலைத் தலைப்பு மட்டும் தெரியும். எண்ணிக்கையில் அவர் இருந்தார். அவர் சொல்லும் சபைக்கு வந்தது, வேறொருவர் வாயில். அதைக் குரல்பேறு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அப்புறம், பெயருக்கு ஒருவரைச் சேர்ப்பதற்கு ‘உப்புக்குச் சப்பாணி’ என்று ஒரு நண்பர் பரிந்துரைத்திருந்தார். விளையாட்டில் நாம் எல்லோரும் சொன்னதுதான். பொருளும் கச்சிதம். ஆனால் ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேச எடுக்கும் சொல்லே நடக்க இயலாதவரைக் குத்துகிறதே. வேண்டாம். ‘ஒப்புக்கிடம்’ என்று வைக்கலாம். ஒப்புக்குக் கொடுத்த இடம், கேட்டவுடன் புரியும்.



புணர்ச்சிப்படி ‘குரற்பேறு’ என்றுதான் வரும், தெரியும். அப்படி எழுதினால் புதிதாகப் படிப்பவருக்குக் குரல் என்ற சொல் சட்டென்று பிடிபடாது. அதனால் ‘குரல்பேறு’ என்று எழுத்தை மாற்றாமலே எழுதியிருக்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் இதற்கு இசைவீர்களா?