ஐ.சி.யூ.வில் உங்களுக்கு வேலை பழக்கியவர் யார்?

எனக்கு எங்கள் கிளினிகல் இன்ஸ்ட்ரக்டர் அக்கா. பல வருஷம் பெட் பக்கத்திலேயே நின்று, அப்புறம்தான் சொல்லிக்கொடுக்க வந்தவர். நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு சேர்ந்த புதுசு, வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் கை நேராக சைலன்ஸ் பட்டனுக்குத்தான் போகும். ஒரு நாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "மெஷினை அப்புறம் பாரு பாப்பா, நெஞ்சு ரெண்டு பக்கமும் ஏறுதா பாரு." மூச்சு டியூப் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நெஞ்சுக்குள் காற்று கட்டியதா, மெஷின் கோளாறா என்று, இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த 'டோப்' (DOPE) சூத்திரத்தை எழுதி பரீட்சையில் மார்க் வாங்கியவள்தான் நான். எழுதியது என்ன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சக்‌ஷன் (டியூப் வழியாகச் சளியை உறிஞ்சுவது) 15 வினாடிக்கு மேல் கூடாது, சரி, கையில் உறிஞ்சுகுழாயான கதீட்டரை வைத்துக்கொண்டு யார் கடிகாரம் பார்ப்பது? "உள்ளே விடும்போதே உன் மூச்சையும் அடக்கிக்கோ, உனக்கு முட்டினா அவருக்கும் முட்டும், எடுத்துடு" என்றார். இன்றைக்கும் மாஸ்க்குக்குள் மூச்சை அடக்கித்தான் செய்கிறேன்.

என் தப்பும் ஒன்று உண்டு. நைட் டூட்டியில் பி.பி.யைத் தாங்கிப்பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் தீரப்போவதைப் பார்க்காமல் சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன், புதுசு போடுவதற்குள் மேல் பி.பி. 60க்கு வந்துவிட்டது. புதுப்பிள்ளைகளுக்காக அன்று அவரும் நைட் இருந்ததால் பிழைத்தோம். பி.பி. ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் ஹேண்டோவர் முடிந்ததும் டீ வாங்கிக்கொடுத்துவிட்டு, சும்மா கிடந்த இரண்டு சிரிஞ்ச் பம்ப்பில் சலைன் சிரிஞ்ச் போட்டு, பழையது ஓடும்போதே புதுசைத் தொடங்கி மெதுவாகப் பழையதைக் குறைப்பதை ஐந்து தடவை செய்யவைத்தார். கடுப்பாகத்தான் இருந்தது, தூக்கம் வேறு.

*

கொடுத்துவைத்தவர் நீங்கள். நான் பிரதர், அதாவது ஆண் நர்ஸ், வேறு ஊர். வென்டிலேட்டர் பேஷண்ட்டுக்கு ஒரு நர்ஸ் என்பதெல்லாம் ஏட்டில்தான், எங்களுக்கு மூன்று பெட், இதில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை, அதாவது இந்திய நர்சிங் கவுன்சிலின் வேலை பார்த்தபடியே படிக்கும் 2 வருஷ ரெசிடென்சியை முடித்தபிறகு நானே ஜூனியர்களுக்கு எடுக்கிறேன். அதற்குத் தனி நேரமும் கிடையாது, தனிச் சம்பளமும் கிடையாது. போன வாரம் ஒரு பெண் அலாரம் கேட்டதும் மானிட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போர்வையை விலக்கி நெஞ்சைப் பார்த்தாள். டியூப் ஒரு பக்க நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது.