பழைய பங்களா நீச்சல் தடாகம்: அடிவடிகால் இழுக்கவில்லை, தண்ணீரும் குறைகிறது

ஹட்டன்வாசி:

வணக்கம். ஹட்டனுக்கு அருகில், முன்னர் தோட்டத் துரையின் பங்களாவாக இருந்து இப்போது விருந்தினர் விடுதியாக நடக்கும் ஒரு கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பில் உள்ளது. அதன் பின்புறத்தில், சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய பழைய கொங்கிறீட் நீச்சல் தடாகம் ஒன்று இருக்கிறது. நீளம் 12 மீற்றர், அகலம் 6 மீற்றர். ஆழம் ஒரு பக்கம் 1 மீற்றர், மறுபக்கம் 2 மீற்றர். அடியில் ஒரேயொரு வடிகாலும் மேலே ஒரு ஸ்கிம்மரும் (மேற்பரப்பு நீரை இழுக்கும் வாய்) உள்ளன. மேட்டுப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்தை விட உயரமாக அமைந்துள்ள பம்பி அறைக்கு இரண்டின் குழாய்களும் வந்து சேர்கின்றன. அடிவடிகாலின் குழாய் ஒன்றரை அங்குல ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய்.

இப்போது ஸ்கிம்மர் வால்வை மூடி அடிவடிகாலை மட்டும் திறந்தால், பம்பி இரைகிறதே தவிர தண்ணீர் மெலிதாகத்தான் வருகிறது. தண்ணீர் தடாகத்துக்குத் திரும்பும் வாய்களில் காற்றுக் குமிழிகள் தெரிகின்றன. ஆழமான மூலையில் பாசி படிகிறது. வெயில் நாட்களில் மட்டம் இறங்குகிறது, மழைக்காலத்தில் இறங்குவதேயில்லை. பம்பி விற்பவர் 1 குதிரைவலுவுக்குப் பதிலாக 2 குதிரைவலுப் பம்பி வாங்கச் சொல்கிறார். மேசன் பாஸ், தண்ணீரை முழுவதும் இறக்கிவிட்டுப் பூச்சை உடைத்து மீளப் பூச வேண்டும் என்கிறார். எதை முதலில் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டும்.

பண்டாரவளை பிளம்பர்:

ஐயா, இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் தடாகத்தில் ஏறத்தாழ 108 கன மீற்றர் தண்ணீர் இருக்கிறது. அது முழுவதும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வடிகட்டியினூடாகச் சுற்றி வர வேண்டுமானால், மணிக்கு 18 கன மீற்றர் ஓட வேண்டும். உறிஞ்சும் குழாயில் நீரின் வேகம் வினாடிக்கு 1.8 மீற்றரைத் தாண்டக் கூடாது என்பது இத்தொழிலில் வழக்கமான அளவு; அந்த வேகத்தில் ஒன்றரை அங்குலக் குழாய், புதிதாக இருந்தாலும், மணிக்கு 8 கன மீற்றர் அளவில்தான் தரும். உட்புறம் துருவேறிச் சுருங்கிய பழைய ஜீ.ஐ. குழாய் அதையும் தராது. ஓட்டம் இரு மடங்கானால் உராய்வால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே பெரிய பம்பியைப் பூட்டினால் தண்ணீர் அதிகமாக வராது; இரைச்சலும் மின்கட்டணமும் கூடும், உள்ளே நீராவிக் குமிழி உண்டாகி, தண்ணீரைத் தள்ளும் சுழலியும் அரிக்கப்படும்.

மலைநாட்டில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மட்டத்தில் வளியமுக்கம் தண்ணீரை 10.3 மீற்றர் வரை தாங்கும். ஹட்டனின் உயரத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் குறைந்துவிடும். பம்பி தண்ணீருக்கு மேலே இருக்கும் உங்கள் அமைப்பில் அந்தக் குறைவு நேரடியாகப் பாதிக்கும். கொழும்பில் நன்றாக ஓடிய பம்பி இங்கே திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பம்பியின் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு வெற்றிட மானியைப் பூட்டி, அடிவடிகாலை மட்டும் திறந்து பாருங்கள். வெற்றிடம் அதிகமாகவும் ஓட்டம் குறைவாகவும் இருந்தால் குழாயில் அடைப்பு. இரண்டுமே குறைவாக இருந்து குமிழியும் வந்தால் எங்கோ காற்று நுழைகிறது. இரண்டும் குறைந்து குமிழி இல்லாவிட்டால் சுழலியில் குப்பை சிக்கியிருக்கலாம், அல்லது மணல் வடிகட்டி அடைத்திருக்கலாம்; வடிகட்டியின் அமுக்கம் சுத்தமாக இருந்தபோது காட்டியதை விட 8 முதல் 10 பீ.எஸ்.ஐ. உயர்ந்திருந்தால் பேக்வோஷ் செய்ய (தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு வடிகட்டியைக் கழுவ) வேண்டும். காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க, பம்பி ஓடும்போது மூட்டுகளில் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். நுரை உள்ளே இழுபடும் இடமே ஓட்டை. பம்பியின் முன்னால் குப்பை பிடிக்கும் கூடையின் மூடியிலுள்ள றப்பர் வளையத்தை முதலில் பாருங்கள்.

இச்சோதனையின்போது ஒருவரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். ஒற்றை அடிவடிகால் முழு இழுவையோடு இயங்கும்போது, அதன் மூடி உடைந்திருந்தால் பிள்ளையின் தலைமுடியையோ கையையோ பிடித்துக்கொள்ளும். அப்படி நடந்த மரணங்களுக்குப் பின்னர்தான் அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

மண்ணும் நீரும்:

மேசன் பாஸின் யோசனை பற்றி மட்டும் எழுதுகிறேன். மழைக்காலத்தில் மட்டம் இறங்கவில்லை என்றால், மேலே விழும் மழை இழப்பை ஈடு செய்வதாகவும் இருக்கலாம். வெளியே நிலத்தடி நீர் உயர்ந்து கசிவைத் தடுப்பதாகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் என்றால் தடாகத்தை வெறுமையாக்குவது மிகவும் ஆபத்தானது. தரைக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு வெளியே நீர் நின்றால், அது ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ ஒரு தொன் விசையோடு மேலே தள்ளும். 20 சென்ரிமீற்றர் தடிப்பான கொங்கிறீட்டின் எடையோ சதுர மீற்றருக்கு அரைத் தொன்னுக்கும் குறைவு. உள்ளே தண்ணீர் இல்லாத தடாகம் படகைப் போல மேலெழும், அல்லது தரை பிளக்கும். மேட்டிலிருந்து ஊற்று இறங்கி வரும் நம் சரிவுகளில் இந்த அபாயம் சமநிலத்தை விட அதிகம் என்பதே என் கருத்து.

மேட்டுப் பக்கத்தில், தடாகத்தின் ஆழமான தரையை விடக் கீழே செல்லும்படி ஒரு துளையிட்டு, துளைகளிட்ட பி.வி.சி. குழாயை இறக்கிச் சுற்றிலும் சரளை போட்டு, நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கசிவை அளக்க, படியில் ஒரு வாளியைத் தடாகத்தின் மட்டத்துக்கே நிரப்பி வைத்து, உள்ளும் புறமும் குறியிட்டு, 24 மணித்தியாலம் பம்பி ஓடும்போதும் அடுத்த 24 மணித்தியாலம் நிறுத்தியும் பாருங்கள். வாளியில் குறைவது ஆவியாதல். அதற்கு மேல் தடாகத்தில் குறைவது கசிவு. ஓடும்போது கூடுதலாகக் குறைந்தால், ஓட்டை தண்ணீர் திரும்பும் குழாயில் இருக்கும்.

பீலிக்கரை:

தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் இறக்கினாலும், எங்கே விடுகிறீர்கள் என்பதையும் தயவுசெய்து பாருங்கள். பங்களாவுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் வாழும் லயன்கள் இருக்கும். அங்குள்ளவர்கள் குடிப்பது மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர். குளோரின் போடுவதை நிறுத்தி, வெயில் படவிட்டு, அளவு பூச்சியமான பிறகே திறக்க வேண்டும். தேயிலைக் கான்களில் (மண் வாய்க்கால்களில்) விட்டால் மண் ஊறும். மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி கனமழையில் ஊறிய மலை எத்தனை வீடுகளைக் கொண்டுபோனது என்பதை நம்மில் எவரும் மறக்கவில்லை. கல் பதித்த வடிகானில், மெதுவாக, மழையற்ற நாளில் விடுங்கள்.

ஹட்டன்வாசி:

மூவருக்கும் நன்றி. மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்தது. மாற்றியதும் குமிழி நின்றுவிட்டது. ஆனால் அடிவடிகாலை மட்டும் திறந்தால் மானி அதிக வெற்றிடத்தைக் காட்டுகிறது, ஓட்டம் அப்படியே மெலிதாக உள்ளது. மேட்டுப் பக்கத் துளையில் நீர் ஆழமான தரையை விட முக்கால் மீற்றர் மேலே நிற்கிறது. வாளிச் சோதனையை மழை விட்டதும் செய்வேன்.

பண்டாரவளை பிளம்பர்:

அப்படியானால் தடாகத்தை வெறுமையாக்கும் பேச்சே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நீந்தத் தெரிந்த ஒருவரை இறக்கி அடிவடிகாலின் மூடியைக் கழற்றிக் குப்பையை அகற்றச் செய்யுங்கள். கரையில் இன்னொருவர் நிற்க வேண்டும். பம்பி அறைப் பக்கமிருந்து வளையும் கம்பியையும் செலுத்திப் பாருங்கள். அழுத்தக் காற்றைச் செலுத்த வேண்டாம், துருப்பிடித்த குழாய் நிலத்துக்குள்ளேயே வெடித்துவிடும்.

அதற்கும் இளகாவிட்டால் அக்குழாயை நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களில் மட்டத்தை அரை மீற்றர் மட்டும் இறக்கி, இரண்டாவது ஸ்கிம்மரை ஆழமான பக்கச் சுவரில் வைத்து, அதற்கெனத் தனியாக இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் இழுக்கலாம். தண்ணீர் திரும்பும் வாய்களைப் பாசி படியும் மூலையை நோக்கிக் கீழ்ச்சாய்வாகத் திருப்பினால் அடித்தண்ணீர் கிளம்பி மேலே வரும். இப்போதுள்ள 1 குதிரைவலுப் பம்பியோடு இதைச் செய்து, மானியின் அளவை இங்கே எழுதுங்கள். அதன் பிறகு பம்பி போதுமா என்று பார்க்கலாம்.