புதுப்பிப்பு: ஏலகிரி ஏற்றத்தில் மலிவு விலை மின்சார சைக்கிள்

விலை குறைந்த மின்சார மலை சைக்கிள் நிஜமான மலையில் தாக்குப்பிடிக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொன்னேரி அடிவாரத்திலிருந்து ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பார்த்துவிட்டேன். ஏறுகிறது; மிதித்தால் மட்டும்.

மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது, 250 வாட். சைக்கிளின் கியர்கள் அதற்கு உதவுவதில்லை. மிதிக்காமல், மோட்டாரை முடுக்கும் கைப்பிடித் திருகியை (திராட்டில்) மட்டும் நம்பினால் வேகம் சரிந்து, மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. சிறிய கியரில் வேகமாக மிதித்து சக்கரத்தைச் சுழலவிட்டால் மூச்சு வாங்காமல் போகலாம். கணக்கும் அதையே சொல்கிறது: ஆளும் வண்டியுமாக 100 கிலோவை 600 மீட்டர் உயர்த்தவே ஏறத்தாழ 163 வாட்-மணி வேண்டும். என் பாட்டரியின் கொள்ளளவு 360 வாட்-மணி. இழப்புகளையும் சேர்த்தால், கால்களின் பங்கு இல்லாமல் மலைமேல் சுற்றிவர அதிகம் மிஞ்சாது.

ஏலகிரியின் மேலே, மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்குப் போகும் மண் தடத்தில்தான் குறை தெரிந்தது. இதில் இருப்பது மிதிசுழற்சியை மட்டும் உணரும் சென்சார், அழுத்தத்தை அளப்பதில்லை. மிதித்துக் கொஞ்சம் கழித்தே மோட்டார் உதைக்கிறது, நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளுகிறது. பாறைகளுக்கிடையே அது ஆபத்து. அங்கே மோட்டார் உதவும் அளவை மிகக் குறைத்து, பிரேக்கில் விரலை வைத்தபடியே சென்றேன். செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளினேன். 25 கிலோ வண்டியைத் தள்ளுவது எளிதல்ல.

எந்த வகை பிரேக் என்று கேட்டவருக்கு: கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்தான். இறக்கத்தில் கை வலித்தது. திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாற்றப்போகிறேன்.