அவசரம் கூடினால் வேகம் ஏன் குறைய வேண்டும்?

கேள்வி: ‘மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்’ என்னும் ஆங்கிலப் பழமொழி எனக்குப் பிடிபடவில்லை. அவசரம் கூடினால் வேகமும் கூடத்தானே வேண்டும்?

பதில்: இன்றைய பொருளில் படிப்பதால்தான் முரணாகத் தோன்றுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்பீட்’ என்ற சொல் வெற்றியையும் நற்பேற்றையும் குறித்தது. பயணம் புறப்படுவோரை வாழ்த்தும் ‘காட்ஸ்பீட்’ என்ற சொல்லில் அப்பொருள் இன்னும் தங்கியிருக்கிறது. ஆகவே, அவசரம் மிகுந்தால் காரியம் கைகூடாது என்பதே கருத்து.

மற்றொருவர்: ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது உண்டு. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் மொழியில் இதற்கு நெருக்கமானது.

இன்னொருவர்: ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்பதையும் சேர்க்கலாம். ‘ஆத்திர அவசரம்’ என்ற தொடரில் உள்ளதுபோல, ‘ஆத்திரம்’ சினத்தை மட்டுமன்றிப் பரபரப்பையும் குறிக்கும். இதைப் பலர் மறந்துவிட்டோம்.

கேட்டவர்: அப்படியானால் இரு மொழியிலும் சொல்லின் பொருள்தான் நகர்ந்திருக்கிறது! நன்றி.